பீர் வேஸ்ட்டும் பிராய்லர் கோழியும்: புளிக்க வைக்கும் பக்குவம், கொடுக்கும் அளவு, கட்டுப்படியாகும் விலை

குமரி மாவட்டத்தில் சக்கை என்றால் பலா. ஆகவே பீர் ஆலையில் இனிப்புச் சாற்றை வடித்த பிறகு மிஞ்சும் பார்லிக் கோதைச் சக்கை என்று சொன்னால் குழப்பம் வரும். அதற்கு, பால் மாடு வைத்திருப்பவர்கள் சொல்லும் பெயரையே இங்கேயும் வைத்துக்கொள்வோம்: பீர் வேஸ்ட். மாட்டுக்கு அது பழகிய தீவனம். ஆறு வாரத்தில் கடைக்குப் போகும் பிராய்லருக்கு அதைப் போடலாமா என்ற கேள்வி, மக்காச்சோளமும் சோயாவும் விலை ஏறும்போதெல்லாம் எழுகிறது. போடலாம். ஆனால் அளவு சிறியது, பக்குவம் கறாரானது, கணக்கு முழுக்க அதிலுள்ள தண்ணீரைப் பொறுத்தது.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். பீர் வேஸ்ட்டில் சாராயம் கிடையாது. முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து வெந்நீரில் ஊறவைப்பார்கள். மாவுச்சத்து சர்க்கரையாக மாறி நீரில் இறங்கும். அந்த நீரை வடித்துவிட்டு மிஞ்சுவதுதான் இது. ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைப்பதும் கசப்புக்காக ஹாப்ஸ் பூவைப் போடுவதும் அதற்குப் பிறகு, வடித்த சாற்றில் நடப்பவை. எனவே சரக்கு கசந்தால், கொதிகலத்தின் அடிவண்டலையும் ஆலையில் இதோடு கலந்து தள்ளியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கோழி அதை ஒதுக்கும். அந்த லோடை வாங்க வேண்டாம்.

சர்க்கரை போய்விட்டதால் மிஞ்சியதில் புரதமும் நாரும் கூடித் தெரிகின்றன. காயவைத்த நிலையில் புரதம் சுமார் 25 சதவீதம், நார் 15 சதவீதம், கொழுப்பு 6 சதவீதம். கோழிக்குக் கிடைக்கும் எரிசக்தி கிலோவுக்கு ஏறக்குறைய 2,080 கிலோ கலோரிதான். மக்காச்சோளம் 3,350 தருகிறது. கோழிக்கு அவசியமான அமினோ அமிலங்களில் (புரதத்தின் கூறுகள்) லைசின் 0.9 சதவீதம், சோயாப் புண்ணாக்கில் இது 2.7. மெத்தியோனின் மட்டும் குறையில்லை, 0.57 சதவீதம் இருக்கிறது. இந்த எண்களைப் பார்த்தாலே விஷயம் புரியும். இது மக்காச்சோளத்துக்கும் மாற்றில்லை, சோயாவுக்கும் மாற்றில்லை. இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்து இடையில் நுழைக்கக்கூடிய பொருள், அவ்வளவுதான்.

கம்பெனி ஒப்பந்தத்தில் கோழி வளர்ப்பவர்கள் இதில் இறங்கவே கூடாது. குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை. தீவன மாற்று விகிதத்தை, அதாவது ஒரு கிலோ எடை கூட எவ்வளவு தீவனம் செலவானது என்பதைப் பார்த்துத்தான் வளர்ப்புக் கூலி தருகிறார்கள். வெளித்தீவனம் கலந்தால் ஒப்பந்தமும் போகும், கூலியும் போகும். இந்தக் கட்டுரை குஞ்சை விலைக்கு வாங்கி, தீவனத்தைத் தாமே அரைத்துக் கலந்து, பக்கத்துக் கடைகளுக்கு விற்கும் இருநூறு முதல் ஆயிரம் கோழி வரையிலான பண்ணைகளுக்கானது.

ஏன் புளிக்க வைக்க வேண்டும்

ஆலையிலிருந்து வரும் பீர் வேஸ்ட்டில் 75 முதல் 80 சதவீதம் தண்ணீர். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டாம் நாளே கண்ட கிருமியும் ஏறிப் புளிக்கும், மூன்றாம் நாள் பூசணம் எட்டிப் பார்க்கும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. அருமனை, குலசேகரம் பக்கம் காற்றில் ஈரம் விலகும் மாதங்களே குறைவு. பூசணம் வந்தால் அஃப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சின் பயம் வரும். பிராய்லர் தீவனத்தில் இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் அஃப்ளாடாக்சின் பி1 உச்ச அளவு 20 பிபிபி, அதாவது ஆயிரம் கிலோ தீவனத்தில் 20 மில்லி கிராம். அதைக் கண்ணால் பார்த்தோ மோந்தோ கண்டுபிடிக்க முடியாது.

எனவே நாம் புளிக்க வைப்பது முதலில் கெடாமல் காப்பதற்காகத்தான். காற்றில்லாத இடத்தில் லாக்டிக் அமிலக் கிருமிகள் பெருகி அமிலத்தைக் கூட்டினால் பூசணமும் குடல் கிருமிகளும் அடங்கும். கூடுதலாகச் சில நன்மைகள் உண்டு. தானியத்தில் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸில் ஒரு பகுதி விடுபடுகிறது. இரைப்பையில் அமிலத்தன்மை கூடுவதால் ஈ. கோலி, சால்மனெல்லா வகைக் கிருமிகளுக்குச் சிரமம். ஆனால் புளிக்க வைத்தால் நார் கரைந்துவிடும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். லாக்டிக் கிருமிகளுக்கு நாரை உடைக்கும் திறன் மிகக் குறைவு. 15 சதவீத நார் டிரம்முக்குள் போனால் கிட்டத்தட்ட அதே நார்தான் வெளியே வரும்.

ஈரக் கணக்கு

78 சதவீத ஈரத்தோடு அப்படியே டிரம்மில் அடைத்தால் அடியில் தண்ணீர் தேங்கும். அந்தத் தண்ணீரில்தான் சரக்கைக் கெடுக்கும் பியூட்டிரிக் அமிலக் கிருமி வளரும். ஈரத்தை 60 சதவீதத்துக்கு இறக்க வேண்டும். பிழிந்து இறக்கலாம், ஆனால் கரைந்த புரதமும் கனிமங்களும் சாற்றோடு போய்விடும். உலர்ந்த மாவைச் சேர்ப்பதே மேல். 100 கிலோ பீர் வேஸ்ட்டுக்கு 36 கிலோ மக்காச்சோள மாவு (10 சதவீத ஈரம் உள்ளது) சேர்த்தால் 136 கிலோ கலவை, சரியாக 60 சதவீத ஈரம். இந்த 36 கிலோ தனிச் செலவு இல்லை. எப்படியும் தீவனத்தில் போடப்போகிற மக்காச்சோளத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே டிரம்மில் போடுகிறோம்.

மக்காச்சோளத்துக்குப் பதில் காய்ந்த மரச்சீனி மாவு போடலாமா என்று நம் ஊரில் கட்டாயம் கேட்பார்கள். பாதி வரை போடலாம். மாவுச்சத்து நன்றாகவே இருக்கிறது, ஆனால் புரதம் இரண்டு மூன்று சதவீதம்தான். கசப்பு ரகமாக இருந்தால் சயனைடு சிக்கல் வேறு. துண்டு போட்டு நன்றாக வெயிலில் காய்ந்த கிழங்கில் பெரும்பகுதி போய்விடும். மிச்சத்தை முறிக்கக் கோழி தன் உடம்பிலுள்ள மெத்தியோனினைச் செலவழிக்கும். ஆகவே மரச்சீனி சேர்த்தால் மெத்தியோனினைக் கூட்டாமல் விடக் கூடாது.

ஈரம் சரியா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. கலவையை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடிக்கவும். உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கை நனைய வேண்டும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது. சொட்டினால் இன்னும் இரண்டு மூன்று கிலோ மாவு. உருண்டை உதிர்ந்தால் தெளிப்புத் தண்ணீர்.

டிரம்மில் அடைப்பது

மாவட்டத்துக்குள் பீர் ஆலை இல்லை. கேரளத்திலிருந்து வரும் லோடு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்துதான் நாகர்கோவிலுக்கு வரும். ஆலையை விட்டுக் கிளம்பிய 24 மணி நேரத்துக்குள் டிரம்முக்குள் போய்விட வேண்டும். வந்து இறங்கும்போது வெந்த தானிய வாசனை இருக்க வேண்டும். ஏற்கெனவே புளித்த வாடை வந்தால் மாட்டுக்காரர்கள் சிலர் வாங்குவார்கள். கோழிக்கு வேண்டாம். சூடாக ஏற்றியிருந்தால் குவியலின் உள்ளே சூடு நிற்கும். தார்ப்பாயில் பரப்பி, உள்ளே கைவைத்தால் வெதுவெதுப்புக்கு மேல் போகாத நிலைக்கு ஆறவிடவும். 40 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் சேர்க்கும் கிருமிகள் சோர்ந்துபோகும்.

100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லம் அல்லது மொலாசஸ், அதைக் கரைக்க 2 லிட்டர் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் முதல் நாளே வாளியில் திறந்து வைத்து ஆறிய பிறகு எடுக்கவும். கருப்பட்டியும் வேலை செய்யும், ஆனால் அதன் விலைக்கு அதைக் கோழித் தீவனத்தில் கரைப்பது நியாயமில்லை. கிருமிக்கு, மாட்டுத் தீவனம் பதப்படுத்த விற்கும் லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் கல்ச்சரே நம்பகமானது. பாக்கெட்டில் போட்ட அளவை வெல்லத் தண்ணீரில் கலந்து அரை மணி நேரம் வைத்துவிட்டுத் தெளிக்கவும். அது கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் புளித்த மோர் சேர்க்கலாம். மோரில் இருப்பவை பாலுக்குப் பழகிய கிருமிகள், தானியத்தில் அவற்றின் வேகம் குறைவு. முதல் டிரம் நன்றாக வந்துவிட்டால் அதிலிருந்து 5 கிலோ எடுத்து அடுத்த டிரம்முக்கு உறையாகப் போடலாம். இப்படி மூன்று நான்கு முறை. அதற்கு மேல் போனால் ஈஸ்ட்டும் வேண்டாத கிருமியும் சேர்ந்து வரத் தொடங்கும், புதிய கல்ச்சருக்கு மாற வேண்டும்.

136 கிலோ கலவை, வளையப் பூட்டு வைத்த 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை ஏறக்குறைய நிரப்பும். ரசாயனம் இருந்த டிரம் வேண்டாம், உணவுப் பொருள் வந்த டிரம்மாகப் பார்த்து வாங்கவும். இரும்பு டிரம்மை அமிலம் அரிக்கும். ஒரு சாணுக்கு ஒரு முறை மிதித்தோ கட்டையால் இடித்தோ அழுத்தவும். பெரும்பாலான டிரம்கள் கெடுவது இந்த இடத்தில்தான். ஓரங்களில் காற்றுப்பை நின்றுவிட்டால் அங்கே பூசணம் பிடிக்கும். மேலே தடித்த பிளாஸ்டிக் தாளை விரித்து, ஒட்டிப் படிய அழுத்தி, அதன்மேல் மூடியைப் பூட்டவும். அரை டிரம் நிரப்பி மூடுவதைவிடச் சிறிய கேனில் விளிம்புவரை நிரப்புவது நல்லது. முதல் மூன்று நாள் வாயு வரும். மூடியில் ஒரு சிறு துளை போட்டு, மெல்லிய குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர்ப் பாட்டிலில் முக்கி வைத்தால் வாயு வெளியேறும், காற்று உள்ளே வராது. குமிழி நின்றதும் துளையை அடைத்துவிடலாம்.

நிழலில், எலி ஏறாத மேடையில் வைக்கவும். எலி விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிரம்முக்குள் எலி செத்துக் கிடந்தால் பொட்டுலிச நஞ்சு உண்டாகலாம். அதைத் தின்ற கோழிக்குக் கழுத்துத் தளர்ந்து தலை தரையில் விழும். கொட்டகையில் பார்க்கும்போது மருந்துக்கு நேரம் இருக்காது. எலி விழுந்த டிரம்மில் ஒரு பிடிகூட எடுக்கக் கூடாது.

ஏழு நாள் பொறுக்கவும். திறந்ததும் முகத்தை மேலே கொண்டுபோகாமல் இரண்டு நிமிடம் விடவும், உள்ளே கரியமில வாயு நிற்கும். பத்து கிராம் மாதிரியை 90 மில்லி தண்ணீரில் கலக்கி, அரை மணி கழித்து, அமில அளவைக் காட்டும் பிஎச் தாளை முக்கிப் பார்க்கவும். 4.2க்குக் கீழே வந்திருக்க வேண்டும். 4.5க்கு மேல் நின்றால் அந்த டிரம் கோழிக்கு இல்லை. வாசனையும் துணைக்கு வரும். பழமும் தயிரும் கலந்த புளிப்பு வாசனை சரியானது. கெட்டுப்போன நெய் வாடை அடித்தால் ஈரம் அதிகமாகிப் பியூட்டிரிக் ஏறியிருக்கிறது. சாராய நெடி தூக்கலாக இருந்தால் காற்று புகுந்து ஈஸ்ட் பெருகியிருக்கிறது. நஞ்சில்லை, ஆனால் சத்து வீணாகிவிட்டது. மூத்திர நெடி வந்தால் புரதம் அழுகிவிட்டது. மேலே வெள்ளை ஆடை மட்டும் படர்ந்திருந்தால் ஒரு சாண் ஆழத்துக்கு அள்ளி எறிந்துவிட்டு, கீழே உள்ளதை மீண்டும் சோதிக்கலாம். பச்சை, கறுப்பு, ஆரஞ்சு நிறப் பூசணம் எந்த மூலையில் தெரிந்தாலும் முழு டிரம்மும் உரக்குழிக்குத்தான். மேலோட்டமாக அள்ளிவிட்டு மாட்டுக்குப் போடுவதும் தவறு, நஞ்சு பால் வழியாக வீட்டுக்குள் வரும்.

எவ்வளவு கொடுப்பது

முதல் பத்து நாள் ஒன்றும் வேண்டாம். குஞ்சின் குடலுக்கு நார் ஆகாது. 11 முதல் 21ஆம் நாள் வரை தீவனத்தில் 5 சதவீதம், 22ஆம் நாளிலிருந்து 10 சதவீதம். இந்தச் சதவீதம் காய்ந்த பீர் வேஸ்ட் எடைக்கானது. ஈர எடைக்கு 10 சதவீதம் என்று எடுத்தால் கொடுத்தும் கொடுக்காத மாதிரிதான்.

பத்தில் நிறுத்துவதற்குக் காரணம் நார். பினிஷர் எனப்படும் கடைசிக் கட்டத் தீவனத்துக்குத் தர நிர்ணயம் சொல்லும் உச்ச நார் அளவு 5 சதவீதம், புரதம் 20 சதவீதம், எரிசக்தி 3,200 கிலோ கலோரி. மக்காச்சோளமும் சோயாவும் மட்டும் உள்ள தீவனத்தில் நார் மூன்று சதவீதத்தை ஒட்டி இருக்கும். பீர் வேஸ்ட் 10 சதவீதம் சேர்த்தால் ஒரு சதவீதம் கூடும். 20 சேர்த்தால் எல்லையைத் தொட்டுவிடும், எரிசக்தியும் கைக்கு எட்டாது.

100 கிலோ பினிஷரில் மாற்றம் இதுதான்: மக்காச்சோளம் 6.3 கிலோ குறையும், சோயாப் புண்ணாக்கு 5 கிலோ குறையும். பீர் வேஸ்ட் காய்ந்த கணக்கில் 10 கிலோ ஏறும், அதாவது ஈரமாக 42 கிலோ. இழந்த எரிசக்திக்கு எண்ணெய் 1.3 கிலோ கூடும். லைசினுக்கு எல்-லைசின் ஹைட்ரோகுளோரைடு 75 கிராம். மினரல், வைட்டமின், உப்பு, காக்சிடியோசிஸ் (ரத்தக் கழிச்சல்) மருந்து எல்லாம் வழக்கமான அளவிலேயே முழு 100 கிலோவுக்கும். கடையில் வாங்கிய பினிஷரின் மேல் பீர் வேஸ்ட்டைத் தூவிக் கொடுப்பவர்கள் இந்தச் சரிக்கட்டல் எதையும் செய்ய முடியாது. அமினோ அமிலமும் வைட்டமினும் நீர்த்துப்போகும். அவர்கள் 5 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

500 கோழி கடைசி வாரத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 80 கிலோ தீவனம் தின்னும். அதற்கு 33.5 கிலோ ஈர பீர் வேஸ்ட், அதோடு டிரம்மில் சேர்ந்த 12 கிலோ மக்காச்சோளம், ஆக 45 கிலோ சொச்சம் புளித்த கலவை. மீதி 60 கிலோ உலர் கலவை. இரண்டையும் பிசிறினால் ஈரம் 32 சதவீதத்துக்குள் நிற்கும். புட்டுக்கு நனைத்த மாவு எப்படி இருக்குமோ அப்படி இருக்க வேண்டும்: பிடித்தால் பிடிபடும், விரலால் தட்டினால் உதிரும். ஒரு பெரிய டிரம் மூன்று நாளில் தீரும். திறந்த டிரம்முக்கு அதுவே கெடு. உள்ளே கைவிட்டுப் பார்க்கையில் சூடு தெரிந்தால் காற்றுக் கிருமி வேலையை ஆரம்பித்துவிட்டது. 200 கோழிக்கு 50 லிட்டர் கேன்களில் அடைப்பதுதான் பொருத்தம்.

காலையில் ஒரு முறை, வெயில் தாழ்ந்து ஒரு முறை கலந்து போடவும். மூன்று மணி நேரத்தில் தட்டு காலியாகும் அளவுக்கே கலக்கவும், மிச்சத்தை அள்ளிவிடவும். இடைப்பட்ட நேரத்துக்கு உலர் தீவனம் இருக்கட்டும். தொங்கும் குழாய்த் தட்டுகளில் ஈரத் தீவனம் சிக்கிக்கொள்ளும், நீளத் தொட்டிதான் வசதி. தொட்டியைத் தினமும் கழுவிக் காயவைக்க வேண்டும். இந்த வேலைக்கு ஆள் இல்லாவிட்டால் ஆரம்பிக்கவே வேண்டாம். ஓரத்தில் காய்ந்து ஒட்டிய பழைய தீவனம் ஒன்றே போதும், எச்சம் இளகிவிடும்.

எச்சம் கொஞ்சம் ஈரமாகத்தான் வரும். மழைக்காலத்தில் கூளம் சீக்கிரம் கட்டிபிடித்து அம்மோனியா கண்ணைக் கரிக்கும். தென்னை நார்க்கழிவோ உமியோ எதுவானாலும் தினம் கிளறி, தண்ணீர்க் குழாயைச் சுற்றி நனைந்ததை மாற்றிவிட வேண்டும். ஆடி மழையிலும் ஐப்பசி மழையிலும் 5 சதவீதத்துக்கு இறங்கிவிடுவதே என் பரிந்துரை.

காயவைத்து அரைத்தால் இந்தத் தொல்லைகள் பாதி குறையும். ஆனால் எங்கே காயவைப்பது என்பதுதான் கேள்வி. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று கிடைக்கும் இடங்களில், கோடையில் தார்ப்பாய்மேல் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பிக் கிளறிவிட்டால் இரண்டு நாளில் காய்ந்துவிடும். மேற்கே ரப்பர் தோட்டத்து நிழலில் அது நடக்காது. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூட்டில் போடலாமே என்ற யோசனை வரும். வேண்டாம், புகையின் தார் தீவனத்தில் படியும். புகை உள்ளே வராத கொப்பரை உலர்த்தி இருந்தால் பயன்படுத்தலாம்.

எந்த விலைக்குக் கட்டுப்படியாகும்

கணக்குக்காக மக்காச்சோளம் கிலோ 25 ரூபாய், சோயாப் புண்ணாக்கு 45, எண்ணெய் 120, லைசின் 200 என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ தீவனத்தில் மிச்சமாகும் மக்காச்சோளமும் சோயாவும் சேர்ந்து 382 ரூபாய். கூடுதல் எண்ணெயும் லைசினும் 171 ரூபாயை எடுத்துக்கொள்ளும். மீதி 211. இதை 42 கிலோ ஈர பீர் வேஸ்ட்டால் வகுத்தால் கிலோவுக்கு 5 ரூபாய். அதாவது பண்ணை வாசலில் கிலோ 5 ரூபாய்க்கு இறங்கினால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. வெல்லம், கல்ச்சர், கூலி, கெட்டுப்போகும் டிரம் எல்லாவற்றுக்குமாக ஒன்றரை ரூபாயாவது ஒதுக்க வேண்டும். ஆகவே மூன்றரை ரூபாய்க்கு மேல் விலை சொன்னால் நம் மாவட்டத்துப் பண்ணைக்குச் சரிவராது. ஒரு டன் வாங்கினால் 780 கிலோ தண்ணீருக்கு லாரி வாடகை கொடுக்கிறோம். பீர் ஆலை அருகிலிருக்கும் பண்ணையின் கணக்கை நாம் அப்படியே எடுக்க முடியாது. உங்கள் ஊர் விலைகளைப் போட்டு இந்தக் கூட்டலை ஒவ்வொரு லோடுக்கும் முன் செய்துபாருங்கள். எண்ணெய் விலை ஏறினாலே கணக்கு கவிழும்.

தண்ணீருக்கு வாடகை கொடுக்க விருப்பமில்லாதவர்களுக்கு, அரிசியிலிருந்து எத்தனால் எடுத்த பின் மிஞ்சும் உலர் தீவனம் மூட்டையாகக் கிடைக்கிறது. புரதம் 40 சதவீதத்துக்கு மேல். அதில் பார்க்க வேண்டியவை நிறமும் அஃப்ளாடாக்சினும். கருகிய பழுப்பு நிறமென்றால் உலர்த்தும்போது லைசின் வெந்து வீணாகிவிட்டது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துப் பார்த்துவிட்டுப் பெரிய அளவில் வாங்குவது நல்லது. பீர் ஈஸ்ட் குழம்பு கிடைத்தால் அது இன்னும் உயர்ந்த சரக்கு. காய்ந்த கணக்கில் 44 சதவீதம் புரதம், லைசின் 3 சதவீதத்துக்கு மேல். ஆனால் உயிரோடு கொடுத்தால் இரைப்பையில் வாயு கட்டும். 80 டிகிரியில் பத்து நிமிடம் காய்ச்சி ஆறவைத்துத்தான் தீவனத்தில் சேர்க்க வேண்டும். கள்ளின் அடியில் தங்கும் மண்டியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கள் இறக்கத் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. அக்கானி (பதநீர்) காய்ச்சும் ஊரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

முதல் தொகுதியில் கொட்டகை முழுவதும் மாற்றிவிட வேண்டாம். ஒரே நாள் குஞ்சுகளில் ஐம்பதைத் தனியே தடுத்து, அவற்றுக்கு மட்டும் 22ஆம் நாளிலிருந்து கொடுங்கள். வாரம் ஒரு முறை இரு பக்கமும் இருபது இருபது கோழியை எடை போடுங்கள். தீவன மாற்று விகிதத்தைக் கணக்கிடும்போது ஈரத் தீவனத்தை அப்படியே எழுதினால் விகிதம் பயங்கரமாகத் தெரியும். 32 சதவீத ஈரம் உள்ள 100 கிலோவை 68 கிலோ உலர் எடையாகவும், 10 சதவீத ஈரம் உள்ள வழக்கமான தீவனம் 100 கிலோவை 90 ஆகவும் எழுதி ஒப்பிட வேண்டும். புளித்த தீவனம் கொடுக்கிறோமே என்று தடுப்பூசியையோ காக்சி மருந்தையோ விடக் கூடாது. விற்பனைக்கு முந்தின நாள் மாலையோடு ஈரத் தீவனத்தை நிறுத்தி, பிடிப்பதற்கு எட்டு மணி நேரம் முன்பு உலர் தீவனத்தையும் எடுத்துவிடுங்கள், தண்ணீர் மட்டும் இருக்கட்டும். இல்லையென்றால் இரைப்பையில் நிற்கும் புளித்த கலவை, கடைக்காரர் அறுக்கும்போது இறைச்சியில் பட்டு நாறும்.